சோழனுக்குக் கண்ணாடிப் பேழை, பாட்டிக்குப் பழைய இரும்பு லோரி

என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருவன் போன வருடம் மொரோக்கோ போய் வந்தான். ஃபெஸ் நகரத்தின் பழைய மதிலுக்குள் வழிகாட்டி யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. கைப்பேசியில் ஒரு வரைபடம், முதுகுப் பையில் ஒரு தண்ணீர் போத்தல், அவ்வளவுதான். இரண்டு நாளில் அங்குள்ள அருங்காட்சியகங்களை நடந்தே பார்த்திருக்கிறான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். ஒரு படத்தில் என் விரல் நின்றுவிட்டது. நெஜ்ஜாரீன் என்ற இடம். தச்சர்கள் என்று அர்த்தமாம். 18-ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் சரக்கோடு வந்து தங்கிய சத்திரம் ஒன்றைப் பழுது பார்த்து, 1998-இல் மரவேலை அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். உள்ளே கிரீடம் இல்லை, சிம்மாசனம் இல்லை. இழைப்புளி, ரம்பம், உளி, பழைய கதவு, பெட்டி. வெளியே வந்தால் பக்கத்திலேயே தச்சர்கள் இன்னமும் மரம் இழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு நாள் முழுக்க நடக்கணும்னா எங்கேருந்து எங்கடா நடக்கிறது?” என்று கேட்டான்.

நான் பிறந்தது கிள்ளான். பொறியியல் படித்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகம். வேலை ஷா ஆலாம். இருபத்தெட்டு வருடமாக இந்தப் பள்ளத்தாக்கை விட்டு அதிகம் நகராதவன். எனக்குப் பதில் வரவில்லை. “பத்துமலை” என்று சொல்லப் போய் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு பாதை போட்டேன். தேசிய அருங்காட்சியகத்தில் ஆரம்பித்து, பிரிக்பீல்ட்ஸ் வழியாகக் கால்நடை, பிறகு கொமுட்டர் ரயிலில் கிள்ளான், அங்கே அரச காட்சியகம், தெங்கு கிளானா சாலை. இரவு வீடு திரும்பியபோது கைப்பேசி பத்தொன்பதாயிரம் அடிகள் என்று காட்டியது. இந்தக் கட்டுரை அந்த நடையில் வந்த கோபம். கோபம் யார் மேல் என்பதுதான் நடக்க நடக்க மாறிக்கொண்டே போனது.

தேசிய அருங்காட்சியகம் பற்றி எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பஸ்ஸில் போயிருப்போம். 1963 ஆகஸ்டு 31-இல் திறந்த கட்டடம். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது சிலாங்கூர் அருங்காட்சியகம். 1945 மார்ச்சில் நேச நாடுகளின் விமானங்கள் பக்கத்து ரயில் முற்றத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டு அதன் மேல் விழுந்தது. நாலு கூடங்கள்: தொல்வரலாறு, மலாய் அரசுகள், காலனியக் காலம், இன்றைய மலேசியா. நான் நேராக மூன்றாவதுக்குப் போனேன். ஈயம் வருகிறது, ரப்பர் வருகிறது, ரயில் வருகிறது. ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்தார்கள் என்றும் வருகிறது. என் கண் தேடியது வேறு. ஒரு பெயர். இன்னார், இந்தக் கப்பலில் வந்தார், இந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினார், இது அவர் கத்தி. அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை.

நீங்கள் எதிர்பார்க்கும் அடுத்த வரி எனக்குத் தெரியும். “அவர்கள் நம்மை மறைத்துவிட்டார்கள்.” நானும் அந்த வரியைத்தான் மனதில் எழுதிக்கொண்டு படியிறங்கினேன். நமக்கு மிகவும் பழக்கமான வரி அது. மேடையில் சொன்னால் கைதட்டு நிச்சயம். ஆனால் எஞ்சினியர் புத்தி சும்மா இருக்காது. உள்ளீடு இல்லாமல் வெளியீடு வருமா? அருங்காட்சியகம் வானத்திலிருந்து பொருளை இறக்குவதில்லை. யாரோ எடுத்து வைத்ததை, யாரோ கொடுத்ததை, யாரோ பட்டியல் போட்டதைத்தான் அது காட்டும். நாம் என்ன கொடுத்தோம்? கொடுக்க வேண்டாம், நம் வீட்டில் என்ன வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்வியோடுதான் எம்ஆர்டி நிலையத்தின் நடைபாதையில் புகுந்து கேஎல் சென்ட்ரல் பக்கம் நடந்தேன்.

கேஎல் சென்ட்ரல் நிற்பதே பழைய ரயில் முற்றத்தின் மேல்தான். குண்டு போட வந்தவர்கள் தேடிய அதே முற்றம். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கல் சூளையிலிருந்து வந்தது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் மாற்றி மாற்றி அழித்த பிறகு, அத்தாப்பும் பலகையும் வேண்டாம், செங்கல்லில் கட்டுங்கள் என்று ஆணை வந்தது. அந்தச் செங்கல் இங்கேதான் வெந்தது. பிறகு ரயில்வே வந்தது, ரயில்வேயோடு தமிழர்கள் வந்தார்கள். தண்டவாளம் போட்டவர்கள் ஒரு பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பேனா பிடித்த கிராணிமார் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஒரே பேட்டையில் வேறு வேறு சாமியைக் கும்பிட்டார்கள், வேறு வேறு சங்கம் வைத்தார்கள். ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலும் ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. இடையிலிருந்த தூரம் வேறு. அதைப் பற்றி ஒரு காட்சியகம் போட்டால் ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம்.

நமக்குக் கிடைத்திருப்பது வளைவு.

2010 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் வந்து ‘லிட்டில் இந்தியா’ திறந்து வைத்தார்கள். 2015 நவம்பரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் மறுபடி வந்து தோரண வாயில் திறந்து வைத்தார்கள். இந்திய அரசின் அன்பளிப்பு. வேலைப்பாடு அழகு, குறை சொல்ல முடியாது. ஆனால் அது என்ன வாயில் தெரியுமா? சாஞ்சி ஸ்தூபியின் தோரணம். மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் பௌத்தச் சின்னம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள், சாஞ்சியின் வாயிலுக்குக் கீழே நின்று, “எங்க ஏரியா” என்று செல்ஃபி எடுக்கிறார்கள். நானும் எடுத்திருக்கிறேன். என் பழைய புகைப்படங்களில் இருக்கிறது.

பூமாலைக் கடை அக்கா ஒருவரிடம், “அக்கா, இங்க பழசைப் பத்திப் பார்க்க ஏதாச்சும் இடம் இருக்கா? மியூசியம் மாதிரி?” என்று கேட்டேன். மல்லிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பழசா? நான்தான் இருக்கேன். முப்பது வருஷமா” என்றார். சிரித்துவிட்டு நகர்ந்தேன். பிறகுதான் தோன்றியது, உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று.

விவேகானந்தர் ஆசிரமத்தைத் தாண்டும்போது 2014 ஞாபகம் வந்தது. 1904-இல் கட்டிய அந்தக் கட்டடத்தின் நிலத்தில் அடுக்குமாடி வரப் போகிறது என்று செய்தி வந்ததும் நாம் கொதித்தோம். மெழுகுவர்த்தி, கையெழுத்து, ஃபேஸ்புக். நல்ல காரியம், நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு முந்தின வருடம் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டியை இடித்தபோதும் கொதித்தோம். ஆயிரம் வருடத்துக் கல் என்றால் நமக்கு ரத்தம் சூடாகிவிடும். அதே வருடங்களில் சிலாங்கூர் முழுக்கத் தோட்டங்கள் மூடப்பட்டு, லயங்கள் தரைமட்டமாகிக்கொண்டிருந்தன. வீட்டு நிலத்துக்காகவும் நஷ்ட ஈட்டுக்காகவும் போராடியவர்கள் உண்டு, அது உயிர்ப் போராட்டம். ஆனால் “ஒரே ஒரு லயத்தை மட்டும் அப்படியே விட்டு வையுங்கள், எங்கள் பிள்ளைகள் பார்க்கட்டும்” என்று ஒரு ஊர்வலம் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஏன் என்று ஒரு கல்யாண வீட்டில் எனக்குப் பதில் கிடைத்தது. பந்தி முடிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். இந்த மியூசியம் பேச்சை நான்தான் எடுத்தேன். தூரத்து உறவில் மாமா முறை, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், சிரித்தபடியே சொன்னார்: “தம்பி, நீங்க படிச்ச பிள்ளை. கூலியா வந்தோம், பால் வாளி தூக்கினோம்னு எதுக்குக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் காட்டணும்? மத்த இனத்துக்காரன் பார்த்துச் சிரிக்கவா? ராஜேந்திர சோழன் கப்பல்ல வந்து ஜெயிச்ச மண்ணு இது. அதைக் காட்டுங்க. கடாரத்தைக் காட்டுங்க.”

மாமாவை நான் மதிக்கிறேன். அவர் சொன்னதில் இருக்கும் வலியும் எனக்குத் தெரியும். ‘கூலி’ என்ற சொல் நம் முகத்தில் எத்தனை தடவை வீசப்பட்டிருக்கிறது. ‘கெலிங்’ என்ற சொல்லைப் பள்ளிக்கூடத் திடலில் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அவமானப்பட்டவன் அந்தப் பழைய உடுப்பை மறுபடி எடுத்துப் பார்க்க மாட்டான். சரி. ஆனால் மாமா, 1025-இல் ராஜேந்திரன் கடாரத்தைக் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அந்தக் கப்பலில் வந்த யாரும் காப்பார் சாலையில் காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு நிற்கவில்லை. நீங்களும் நானும் அந்தப் படையெடுப்பின் வாரிசு இல்லை. நம்மைக் கொண்டு வந்தது கங்காணியின் பட்டியலும் குடிநுழைவு நிதியும். உங்கள் அப்பாவின் ஆசிரியர் பயிற்சிக்குப் பணம் கட்டியது எந்தப் பேரரசன்? உங்கள் அப்பாயி விற்ற ஒட்டுப்பால் காசு. அன்றைக்கே நீங்கள்தானே சொன்னீர்கள்?

இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. “ஆமா மாமா” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரை முடித்தேன். கோழைத்தனம்தான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சோழப் பெருமை நம் இளைஞர்களிடம் இப்போது ஒரு காய்ச்சல் மாதிரி இருக்கிறது. டி-சட்டையில் புலி, மோட்டாரில் புலி ஸ்டிக்கர், டிக்டாக்கில் பாய்மரக் கப்பல். பொறியியலில் இரண்டு வகை வரைபடம் உண்டு. கட்டுவதற்கு முன்னால் போடுவது ஒன்று, பளபளப்பாக இருக்கும். கட்டி முடித்த பிறகு நிஜத்தில் குழாய் எங்கே ஓடுகிறது, எங்கே வளைத்தோம், எங்கே தப்பு செய்து ஒட்டுப் போட்டோம் என்று அளந்து போடுவது இன்னொன்று. ‘ஆஸ்-பில்ட்’ என்போம். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது முதலாவது எதற்கும் ஆகாது. நம் சமூகத்தில் எங்கெங்கோ குழாய் உடைந்து கொட்டிக்கொண்டிருக்கிறது. நாம் இன்னும் பளபளப்பான வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

மதியம் கிள்ளான் ரயில் ஏறினேன். சிலாங்கூரின் முதல் ரயில் பாதை இதுதான். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் கூடா வரைக்கும் ஓடியது. ஏசி குளிரில் தூங்கிவிடாமல் இருக்க ஜன்னலோரம் நின்றுகொண்டே போனேன்.

கிள்ளான் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சுல்தான் அப்துல் அஜிஸ் அரச காட்சியகம். 1909-இல் ஹப்பேக் வடிவமைத்த வெள்ளைக் கட்டடம், 2007-இலிருந்து காட்சியகம். பதக்கங்கள், பரிசுகள், அரச குடும்பத்துப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே யார் கொடுத்தது என்ற குறிப்பு. எனக்குப் பொறாமையாக இருந்தது. கிரீடத்தின் மேல் இல்லை, குறிப்புகளின் மேல். ஒரு குடும்பம் தன் பொருளை வரிசையாக எடுத்து வைத்தால் அது வரலாறு ஆகிவிடுகிறது. இதே கட்டடத்தில் ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அதை யோசித்துக்கொண்டு வெளியே வந்து தெங்கு கிளானா சாலையில் ஒரு வடை வாங்கிக் கடித்தபோதுதான் சைக்கிள் ஞாபகம் வந்தது.

1941. மார்ச் மாதத்திலிருந்து மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னால் நின்றது. தலைமையில் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தவர். அவர்கள் கேட்டதைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடு. ஒழுங்கான மருத்துவம் கொடு. கள்ளுக்கடையை மூடு. பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்து. உறவுக்காரர்கள் எங்களைப் பார்க்கத் தோட்டத்துக்குள் வரட்டும். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: துரையோ அதிகாரியோ எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டிருக்கிறார்கள். நாதனை மே 5 அன்று கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. துருப்புகள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, ஐந்து பேர் செத்தார்கள். சிலாங்கூரில் நெருக்கடி நிலை.

இதெல்லாம் நடந்த ஊரில் பிறந்த எனக்கு இந்தச் செய்தி பல்கலைக்கழகம் முடித்த பிறகுதான் தெரியும். வரலாற்றுப் பாடத்தில் இதைப் படித்த நினைவில்லை, வீட்டில் சொல்லவில்லை, கோயில் திருவிழாவில் யாரும் பேசவில்லை. ராஜேந்திர சோழன் எத்தனை யானையோடு போனான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு பழைய சைக்கிள் போதும். சாயம் போன, கேரியர் வைத்த ஒரு சைக்கிள். அதைத் தெங்கு கிளானா சாலையில் ஒரு கடையின் முன்னறையில் நிறுத்தி, அந்தக் கோரிக்கையைத் தமிழில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பட்டுப்புடவை வாங்க வருகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க மாட்டார்களா? மாமா சொல்கிற மாதிரி யார் பார்த்துச் சிரிப்பார்கள் அதை?

இப்போது என் கதைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் ஊரைத் திட்டியாகிவிட்டது.

என் பாட்டி, அம்மாவின் அம்மா, காப்பார் சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர். தோட்டம் இப்போது தொழிற்பேட்டை, அதற்குள் என் கல்லூரி நண்பன் ஒருவன் வேலை பார்க்கிறான். தோட்டம் மூடிய பிறகு எங்கள் பிளாட்டுக்கு வந்தபோது பாட்டி ஒரு சாக்குப் பை கொண்டுவந்தார். பால் வெட்டுகிற கத்தி இரண்டு, அதில் ஒன்றின் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். இரும்பு வாளி ஒன்று. தலையில் கட்டுகிற விளக்கு. செக்ரோல் அட்டைகள் சில, ரப்பர் வளையம் போட்டு. சிவப்பு அடையாள அட்டையின் நகல். அந்தச் சிவப்பு அட்டையோடுதான் பாட்டி செத்தார். எத்தனை தடவை மனு போட்டும் நீலம் வரவில்லை. அது வேறு கட்டுரை.

பாட்டி இறந்த வருடம் எனக்குக் கடைசி செமஸ்டர். வீட்டைத் துப்புரவு செய்தோம். கீழே பழைய இரும்பு லோரி வந்து ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டிருந்தது. நான்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். நான்கு மாடி. ஒரு பழைய மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் சேர்த்து எடை போட்டார்கள். பன்னிரண்டு வெள்ளி கொடுத்தார்கள். அதில் நாசி லெமாக் சாப்பிட்டேன்.

அம்மா தடுக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. “அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடு, கஷ்டம் போதும்” என்றுதான் சொன்னார். மூன்று தலைமுறையாக நம் வீடுகளில் எல்லாம் சொல்லப்பட்ட வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். மாமா சொன்னதும் இதையேதான், கொஞ்சம் மேடைத் தமிழில். நம் பொருள்கள் இல்லாமல் போனதற்கு அரசாங்கக் கொள்கை ஒரு காரணம், தோட்ட முதலாளி ஒரு காரணம், எல்லாம் சரி. கடைசியாக நான்கு மாடி இறங்கி லோரியில் போட்ட கை என்னுடையது.

“இதுக்கெல்லாம் பெரிய காசு வேணும்” என்பார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் சீனச் சங்கங்களின் கூட்டமைப்பு தன் கட்டடத்துக்குள்ளேயே மலேசியச் சீனர் அருங்காட்சியகம் நடத்துகிறது, 2018-இலிருந்து. அவர்களிடம் காசு இருக்கிறது என்பீர்கள். சரி, மலாக்கா காஜா பெராங்கில் செட்டி சமூகத்தின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். நம்மோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவு சமூகம். உடை, பாத்திரம், சடங்குச் சாமான் எல்லாம் ஒரு சின்ன வீட்டில். அதுவும் வேண்டாம், இலங்கைக்குப் போங்கள். கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய லயத்தையே சீர்படுத்தி, மலையகத் தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் 2007-இல் திறந்திருக்கிறார்கள். நம்மைவிட வசதி குறைந்தவர்கள், நம்மைவிட அதிகம் அடிபட்டவர்கள். லயத்துக்குள்ளேயே லயத்தின் வரலாறு. ஃபெஸ் தச்சர்கள் செய்ததைத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களும் செய்திருக்கிறார்கள். பத்துமலையில் 42.7 மீட்டர் முருகனை நிறுத்திய சமூகத்துக்கு ஒரு லயத்து அறை வைக்கக் காசு இல்லையா? முருகன் மேல் எனக்கு வருத்தமில்லை. வருடா வருடம் காவடி பார்க்கப் போகிறவன்தான்.

அரசாங்கத்தை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. வரி கட்டுகிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கே ஓர் அமைச்சர் எழுந்து, “சரி, பிரிக்பீல்ட்ஸில் இரண்டு மாடி தருகிறேன், என்ன வைப்பீர்கள்?” என்று கேட்டால்? நடராஜர் சிலை, குத்துவிளக்கு, பரதநாட்டிய பொம்மை, சுவர் முழுக்கச் சோழக் கப்பல். எனக்கு அந்தக் கூடம் கண் முன்னால் தெரிகிறது. நுழைவாயிலில் சாஞ்சித் தோரணம்.

கடைசியாக இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களிடம். நாம் இலக்கியம் படிக்கிறவர்கள், நமக்கு ஒரு சாக்கு தயாராக இருக்கிறது. “இலக்கியம்தான் நம் அருங்காட்சியகம்” என்போம். நானே ஒரு கலந்துரையாடலில் சொல்லி இரண்டு பேர் தலையாட்டியிருக்கிறார்கள். சயாம் மரண ரயிலைப் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய நாவலின் பெயர் ‘நினைவுச் சின்னம்’. நாவலாசிரியர் தன் வேலையைச் செய்துவிட்டார். ஆனால் இப்போது நம் வயதுக்காரர்கள் எழுதும் தோட்டக் கதைகளைப் பாருங்கள். பனி, நாய் குரைப்பு, கள்ளுக்கடை, கங்காணியின் மீசை. ஒரு கதையிலிருந்து இன்னொரு கதைக்கு வந்த பனி அது. ஓர் ஆளுக்கு எத்தனை மரம், மழை பெய்தால் அன்றைக்குக் கூலி உண்டா இல்லையா, பால் கட்டியாகிவிட்டால் யார் திட்டுவார்கள், ஆயாக் கொட்டகையில் தொட்டில் எந்தத் துணியில் கட்டியிருந்தது, ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. பார்த்துத் தெரிந்துகொள்ளப் பொருள் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் கேட்கப்பட வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பூக்கடை அக்கா மாதிரி இருக்கிறவர்களைச் சிரித்துவிட்டுக் கடக்கிறோம்.

அந்த நடை முடிந்த இரவு அம்மாவிடம் கேட்டேன், பாட்டியுடையது எதுவுமே மிச்சம் இல்லையா என்று. யோசித்துவிட்டு, “மேருல பெரியம்மா கிட்ட ஏதாச்சும் இருக்கும், அவ எதையும் தூக்கிப் போட மாட்டா” என்றார்.

பெரியம்மாவும் பன்னிரண்டு வயதிலிருந்து மரம் வெட்டியவர். போன ஞாயிறு போனேன். கத்தி இல்லை. வாளி இல்லை. கொல்லைப் பக்கம் கோழிக் கூண்டுக்குள் ஒரு மங்கு இருந்தது. மரத்தில் கட்டிப் பால் பிடிக்கிற மங்கு, பீங்கான், ஓரத்தில் ஒரு சில்லு உடைந்தது. அதில் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. நான் குனிந்து எடுக்கப் போனேன்.

“எதுக்குடா அது உனக்கு?”

“வெச்சுக்கிறேன் பெரியம்மா. பாட்டியோடதா?”

“பாட்டியோடது இல்ல, என்னோடது. அம்பத்தாறாம் நம்பர் நிரை. ஐந்நூத்திச் சொச்சம் மரம் எனக்கு. கடைசி நாள் வேலை முடிஞ்சு வரும்போது ஒண்ணு அவுத்துட்டு வந்தேன். கிராணி பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல.”

கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். நிரை எண், கிராணியின் சைக்கிள் நிறம், மழை நாளில் பாதிச் சம்பளம், பிள்ளை பெற்ற எத்தனையாவது நாளில் திரும்பக் காட்டுக்குப் போனார் என்பது. நான் பாட்டியைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தன்னைப் பற்றியே பதில் சொன்னார். அதுவும் சரிதான்.

புறப்படும்போது மங்கைக் கேட்டேன். கோழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சும்மா எல்லாம் தர முடியாது. கோழிக்குத் தண்ணி வைக்க வேற ஒண்ணு வாங்கிட்டு வா. பிளாஸ்டிக் வேணாம், கவுத்துடும்.”